சேலத்திலிருந்து நான்கு பேர் கொண்ட குடும்பம் குறைந்த செலவில் தீம் பார்க் சென்று வர எப்படித் திட்டமிடலாம்?

மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம், ஏழு வயதில் ஒரு மகன், பதினொரு வயதில் ஒரு மகள், பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு தீம் பார்க் பயணம் சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தியம்தான். அம்மாப்பேட்டையில் வசிக்கும் நாங்களும் நால்வர். இதுவரை இரண்டு முறை இப்படிச் சென்று வந்திருக்கிறோம். முதல் பயணத்துக்குப் பதினாறாயிரத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. இரண்டும் வெவ்வேறு பூங்காக்கள் என்றாலும், இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பூங்கா அல்ல, நாங்கள் சென்ற நாள்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதல் முறை எல்லோரையும் போல மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், வேன் வாடகையும் நுழைவுச் சீட்டும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிய ஒருவரை நம்பிக் கிளம்பினோம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, மாலைக்குள் ஐந்து விளையாட்டுகளைக்கூட முடிக்க முடியவில்லை. அதைவிட மனத்தை வருத்தியது வேறொன்று. ஒரு மாதமாகத் தோழிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பெரிய ரோலர் கோஸ்டருக்காக என் மகள் வரிசையின் முனைவரை வந்துவிட்டாள். அங்கிருந்த உயரக் கம்பத்தின் அருகில் நிறுத்திப் பார்த்தபோது குறியீட்டுக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. குதிகாலைச் சற்றே தூக்கிப் பார்த்தாள். பணியாளர் கனிவாகத்தான் மறுத்தார். அவர் மேல் தவறில்லை. வீட்டிலேயே அளந்து பார்த்து, "இந்த முறை இது உனக்குக் கிடையாதம்மா" என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

ஆகவே முதலில் நாளைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய பூங்காக்கள் வார நாளுக்கு ஒரு கட்டணமும், வார இறுதிக்கும் விடுமுறைக் காலத்துக்கும் அதைவிடக் கூடுதலான கட்டணமும் வசூலிக்கின்றன. எனவே நம் பிள்ளைகளுக்கு விடுமுறையாகவும், பூங்கா இருக்கும் ஊருக்கு வேலை நாளாகவும் அமைகிற ஒரு நாளைத் தேட வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. பெங்களூரு இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். ஆனால் மாநிலம் வேறு, விடுமுறைப் பட்டியலும் வேறு. ஆடிப்பெருக்குக்கும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அந்த நாள்கள் திங்கள் முதல் வெள்ளிக்குள் வந்தால், பெங்களூரில் அவை சாதாரண வேலை நாள்கள். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் அப்படியே. கோடை விடுமுறையிலும் ஒரு இடைவெளி உண்டு. கர்நாடகத்தில் மே மாத இறுதியிலேயே பள்ளிகள் திறந்துவிடும். தமிழ்நாட்டில் 2023-இல் ஜூன் 12-ஆம் தேதியும் 2024-இல் ஜூன் 10-ஆம் தேதியும்தான் திறந்தன. அத்தகைய ஆண்டுகளில் ஜூன் முதல் வாரத்து வார நாளைப் போல் வாய்ப்பான நாள் வேறில்லை. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வரும் தசரா விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே பள்ளிகளுக்குப் பல நாள்கள் தொடர்ந்து விடுமுறை.

இரண்டாவது பயணத்துக்கு ஆடிப்பெருக்கன்று போகலாமா என்று நான் கேட்டபோது என் மாமியார் ஒப்பவில்லை. அன்று மேட்டூருக்குப் போய்க் காவிரியில் தலை முழுகிவிட்டு வருவதுதான் அவருக்கு முறை. அது நியாயமாகவே பட்டதால், கோட்டை மாரியம்மன் திருவிழா விடுமுறைக்கு மாற்றிக்கொண்டோம். ஆடி மாதத்தில் பெங்களூருப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் தூறல் இருக்கும், தண்ணீர் குளிரும், பலத்த மழை பெய்தால் சில விளையாட்டுகளை நிறுத்தியும் வைப்பார்கள். எங்களுக்கு அரை மணி நேரம் தூறியது. அதற்காகக் கூட்டமில்லாத அந்த நாளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் மகன் ஒரே சறுக்கலில் ஐந்து முறை ஏறி இறங்கினான்.

நாங்கள் சென்றது பெங்களூரிலிருந்து மைசூரு செல்லும் சாலையில், பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்கு. தூத்துக்குடி – மைசூரு விரைவு ரயில் நள்ளிரவுக்குப் பிறகு சேலம் சந்திப்புக்கு வருகிறது. விடியலில் பெங்களூரில் இறங்கி, கட்டணக் காத்திருப்பு அறையில் குளித்துவிட்டு, நிலையத்தை ஒட்டியே இருக்கும் மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் அதன் கடைசி நிலையமான சல்லகட்டா வரை சென்றோம். அங்கிருந்து மைசூரு சாலைப் பேருந்து. பிடதியில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், ஏனெனில் விரைவுச்சாலையில் போகும் பேருந்துகள் ஊருக்குள் வருவதில்லை. மாலையில் அதே வழியில் திரும்பி இரவு ரயிலைப் பிடித்துவிட்டால், அறை வாடகை என்ற செலவே இல்லை. ரயிலில் 5 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதிக் கட்டணம். இரவுப் பயணம் என்பதால் நாங்கள் நான்கு படுக்கைகளும் வாங்கினோம். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். தூங்காத பிள்ளை நண்பகலுக்குள் சோர்ந்துவிடும்.

பூங்காவில் பிள்ளைகளுக்கான கட்டணம் வயதைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்துத்தான். 85 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இலவசம்; 140 வரை குழந்தைக் கட்டணம்; அதற்கு மேல் பெரியவர் கட்டணம். சாகச விளையாட்டுகள் பலவற்றுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. எனவே கிளம்பும் வாரத்தில் தையல் நாடாவைக் கொண்டு, செருப்பில்லாமல், கதவு நிலையோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். 140-ஐத் தாண்டியிருந்தால் அதை மறைக்க முயல வேண்டாம். வாசலில் மறுபடி அளப்பார்கள், பிள்ளையின் எதிரில் அந்த வாக்குவாதம் வேண்டாம். சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது நல்லது. நுழைவுக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, திரையில் தெரியும் தொகை அதையும் சேர்த்ததா என்று பார்த்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கல்லூரி மாணவர்கள் உடன் வந்தால் அடையாள அட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள், தள்ளுபடி கிடைக்கக்கூடும்.

வெளி உணவை உள்ளே அனுமதிப்பதில்லை. நாங்கள் கட்டிச் சென்ற புளிச்சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டு முடித்தோம். உள்ளே ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் வாங்கினோம். தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணி கூடாது, நைலான் உடை வேண்டும். அதைப் பூங்காவில் வாங்காமல், நம் முதல் அக்ரகாரத்திலோ சின்னக்கடை வீதியிலோ முன்னதாகவே வாங்கிவிட்டால் நால்வருக்கும் சேர்த்துக் கணிசமாக மிச்சமாகும். தலை துவட்ட ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எடையும் இல்லை, உடனே காய்ந்தும்விடும்.

பெங்களூரு தூரமாகத் தோன்றினால் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் என்ற பூங்கா இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவு ரயில் சேலம் வழியாகச் சென்று அதிகாலையில் மேட்டுப்பாளையத்திலேயே இறக்கிவிடும். பெரும்பாலும் தண்ணீர் விளையாட்டுகள் என்பதால் ஏழு வயது மகனுக்கு அது போதும்; பதினொரு வயது மகள் இன்னும் கொஞ்சம் எதிர்பார்ப்பாள். சென்னைப் பூங்காக்களுக்குப் போவதென்றால் தூரம் கூடுதல், அறை எடுக்க வேண்டிவரலாம். உங்கள் தொகைக்குள் அது அடங்காது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டுமே இருக்கும் வீட்டாருக்கு எந்தத் தீம் பார்க்கையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் ஒரு காலைப் பொழுதும், மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் ஏறி ஏற்காட்டு ஏரியில் ஒரு படகுச் சவாரியுமே பெரிய உலகம்.

ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்கும். ஆடிப்பெருக்கு எப்போதும் ஆடி 18 என்பதால் ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமலேயே பயணச்சீட்டு எடுத்துவிடலாம். ஆனால் தேதியில் கவனம் வேண்டும். நான் சொன்ன இரண்டு ரயில்களும் நள்ளிரவைத் தாண்டித்தான் சேலத்துக்கு வருகின்றன. வியாழன் இரவு உண்டு முடித்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள் என்றால், சீட்டில் இருக்க வேண்டிய தேதி வெள்ளிக்கிழமையுடையது. என் நாத்தனார் வீட்டார் வியாழன் தேதிக்கு எடுத்துவிட்டு, தங்கள் ரயில் முந்தைய இரவே போய்விட்டதை நடைமேடையில் நின்றுகொண்டுதான் அறிந்தார்கள்.