வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டல்லாஸ் பக்கம் குடியிருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பறைகளில் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்ததிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்காரரோ, "கொலை செய்யாதே, திருடாதே, அப்பா அம்மாவை மதி. இதில் என்ன தப்பு? நீயே கான்வென்ட்டில் படித்தவள்தானே?" என்கிறார். என்ன பதில் சொல்வது?
– வாசகி, டெக்சாஸ்

பதில்: அவர் சொல்கிற மூன்றிலும் யாருக்கும் தகராறு இல்லை, சகோதரி. ஆனால் அவர் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார். முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். நானே உன் கடவுளாகிய ஆண்டவர், என்னைத் தவிர வேறு கடவுள் உனக்கு இருக்கக் கூடாது, சிலைகளைச் செய்யாதே, ஆண்டவருடைய பெயரை வீணாகச் சொல்லாதே, ஓய்வுநாளைப் புனிதமாகக் கடைப்பிடி. அப்பா அம்மா வருவதே இதற்கெல்லாம் அப்புறம்தான். முன்பாதி முழுக்க யாரை வணங்குவது, எப்படி வணங்குவது என்பதைப் பற்றியது. ஒரு மதத்தின் உள்ளே அது உயிரான விஷயம், அதை நான் மதிக்கிறேன். அரசாங்கம் அதை எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சுவரில் மாட்டும்போதுதான் எனக்குப் பிரச்சினை.

படிக்கக் கற்றுக்கொண்ட புதிதில் குழந்தைகள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். என் அண்ணன் மகள் அந்த வயதில் பஸ்ஸின் பின்பக்க எழுத்திலிருந்து மருந்துக்கடை போர்டு வரை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துக்கொண்டே வருவாள். உங்கள் மகளும் அப்படித்தான் படிப்பாள். சட்டம் சொல்கிற அளவு குறைந்தது 16 அங்குலத்துக்கு 20 அங்குலம், எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் தெரிகிற எழுத்தில். சிலை செய்யாதே என்று அங்கே படித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சமையலறை அலமாரியில் நீங்கள் விளக்கேற்றி வைத்திருக்கிற பிள்ளையாரைப் பார்த்து, "அம்மா, நம்ம வீட்டில் தப்பு செய்கிறோமா?" என்று கேட்பாள். கேட்டால்கூடப் பரவாயில்லை, கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

கான்வென்ட் விஷயத்துக்கு வருகிறேன். நானும் கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளியில் படித்தவன்தான், காலையில் ஜெபம் சொல்லிவிட்டுத்தான் முதல் பீரியடே தொடங்கும். எங்கள் அப்பா தெரிந்தேதான் சேர்த்தார். வாசலில் சிலுவை இருந்தது, பிடிக்காவிட்டால் நான்கு தெரு தள்ளி அரசுப் பள்ளி இருந்தது. அமெரிக்க அரசுப் பள்ளி அப்படி இல்லையே. அது எல்லார் வரிப்பணத்திலும் நடப்பது, பிள்ளை போயே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்வது. டெக்சாஸுக்கு முன்பே இதே மாதிரி சட்டம் போட்ட லூசியானா மாநிலத்தின் வழக்கில் நீதிபதி ஜான் டிகிராவல்ஸ் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்: மாணவர்கள் வருஷத்துக்குக் குறைந்தது 177 நாள் அந்தச் சுவர்களுக்குள் இருந்தாக வேண்டும். அந்த மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, பிடிக்காத பெற்றோர் பிள்ளையிடம் அதைப் பார்க்காதே என்று சொல்லிவிடட்டும் என்றார். ஏழு வயதுப் பிள்ளை கரும்பலகையைப் பார்க்க வேண்டும், பக்கத்துச் சுவரை மட்டும் பார்க்கக் கூடாது. எந்தத் தாயால் இதைச் சொல்லி அனுப்ப முடியும்?

"பாடம் நடத்தச் சொல்லவில்லையே, சும்மா மாட்டத்தானே சொல்கிறார்கள்" என்பார் உங்கள் வீட்டுக்காரர். டெக்சாஸ் சட்டத்தின் மீதான வழக்கை விசாரித்த நீதிபதி ஃபிரெட் பியரி இதற்குச் சொன்ன பதில் எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. மாட்டினால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், கேட்டால் ஆசிரியர் பதில் சொல்லத்தான் பார்ப்பார், அவர் வேலையே அது. அந்தத் தாளில் விபசாரம் என்ற சொல் இருக்கிறது. அடுத்தவனின் மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை எதன்மீதும் ஆசைப்படாதே என்று ஒரே வரியில் வருகிறது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை என்னத்தை விளக்குவார்? விளக்கினால் எந்தச் சபையின் விளக்கத்தைச் சொல்வார்?

டெக்சாஸ் சட்டத்தில் 2025 ஜூனில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்டார், செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளி வாங்கி மாட்டியே ஆக வேண்டும். ஆகஸ்டிலேயே நீதிபதி பியரி சில பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது ஒவ்வொரு பகுதியின் அரசுப் பள்ளிகளையும் நடத்தும் நிர்வாகங்களுக்கு, தடை விதித்தார், உங்கள் பக்கத்துப் ப்ளேனோ அதில் ஒன்று. எல்லா மாவட்டங்களுக்கும் அந்தத் தடை அப்போதே பொருந்தவில்லை, அதனால் இப்போதைய நிலையை உங்கள் பள்ளியில் நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்குப் போட்டவர்களில் யூதர், கிறிஸ்தவர், மத நம்பிக்கை இல்லாதவர்களோடு இந்துக் குடும்பத்தாரும் உண்டு. நீங்கள் ஒண்டியாக நிற்கவில்லை.

கேள்வி: நான் கிறிஸ்தவன். பத்துக் கட்டளைகளை எதிர்ப்பது கிறிஸ்தவத்தை எதிர்ப்பதுதானே? அந்தக் கட்டளைகளைக் கடவுளிடம் பெற்ற மோசே அமெரிக்க உச்ச நீதிமன்றச் சுவரிலேயே சிற்பமாக இருக்கிறாரே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை ஐயா. லூசியானாவிலும் டெக்சாஸிலும் வழக்குப் போட்டவர்களில் போதகர்களே இருக்கிறார்கள். வேத வசனத்தைப் பிள்ளைக்கு எப்போது, எப்படிச் சொல்லித் தருவது என்பது பெற்றோரும் சபையும் தீர்மானிக்க வேண்டியது, அதைச் சட்டமன்றம் ஏன் கையில் எடுக்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி.

உங்களுக்கே தெரிந்த ஒன்றைக் கேட்கிறேன். 'கொலை செய்யாதிருப்பாயாக' எத்தனையாவது கட்டளை? ஆறாவது என்பீர்கள். கத்தோலிக்க நண்பரைக் கேளுங்கள், ஐந்தாவது என்பார். சிலையைப் பற்றிய வரியை அவர்கள் முதல் கட்டளைக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள், நீங்கள் தனியாக இரண்டாவது என்று எண்ணுகிறீர்கள். கோவிலில் மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது சின்ன விஷயமா? யூதர்களுக்கோ 'நானே உன் கடவுளாகிய ஆண்டவர்' என்பதே முதல் கட்டளை, 'கொலை' என்று மொழிபெயர்க்கப்படுகிற எபிரேயச் சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருளும் வேறு. ஆக, எதை மாட்டினாலும் யாரோ ஒருவருடைய வேதத்தை அரசாங்கம் தள்ளிவிட்டுத்தான் மாட்ட வேண்டியிருக்கிறது. லூசியானா சட்டம் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் தானே எழுதிக் கொடுத்துவிட்டது.

இதனால் ரத்தம் சிந்திய ஊர் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்டுகளின் கிங் ஜேம்ஸ் பைபிளைத்தான் வாசித்தார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்கட்டும் என்று கத்தோலிக்க ஆயர் கேட்டார். அந்தப் பிரச்சினையும் ஐரிஷ்காரர்கள் வந்து குடியேறுவதன் மீதிருந்த வெறுப்பும் சேர்ந்து 1844இல் கலவரமாக வெடித்தது, கத்தோலிக்க ஆலயங்கள் எரிந்தன, பலர் செத்தார்கள். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தான் ஐயா.

உச்ச நீதிமன்றத்தில் மோசே இருப்பது உண்மை. அவரோடு ஹமுராபி, சாலமோன், சோலன், கன்பூசியஸ் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், உலகத்துக்குச் சட்டம் தந்தவர்கள் என்ற வரிசை அது. 2005இல் ஒரே நாளில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்பு சொன்னது. டெக்சாஸ் தலைமைச் சட்டமன்ற வளாகத்தில் பல நினைவுச்சின்னங்களுக்கு நடுவே இருந்த பத்துக் கட்டளைக் கல் இருக்கலாம் என்றது. கென்டக்கியில் கோர்ட் கட்டடத்துக்குள் மாட்டியிருந்தது கூடாது என்றது. இரண்டுமே 5க்கு 4. வளாகத்துக் கல்லைப் பெரியவர்கள் நடந்து கடந்துவிடலாம், வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையால் எழுந்து போக முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லூசியானா சட்டத்தின் முன்பகுதியில், பத்துக் கட்டளைகளை அடிப்படையாக வைத்தே இந்த நாட்டின் எதிர்காலம் என்று, அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் சொன்னதாக ஒரு மேற்கோள் இருக்கிறது. மேடிசன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற வரியைப் பிள்ளைகளுக்காக மாட்டச் சொல்கிற சட்டத்திலேயே இப்படி ஒன்று இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கேள்வி: இதே மாதிரி ஒரு சட்டத்தை அங்கே முன்பே ரத்து செய்தார்கள் என்று படித்த ஞாபகம். பிறகு ஏன் மறுபடியும்?
– வாசகர், கோவை

பதில்: சரியான ஞாபகம். கென்டக்கி 1978இல் இதே போல ஒரு சட்டம் போட்டது. நன்கொடைப் பணம்தான், அதே 16க்கு 20 அங்குலம்தான். 1980இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதை ரத்து செய்தது. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்ற அரசியலமைப்பு விதி மீறப்பட்டதா என்று பார்க்க அப்போது அந்த நீதிமன்றம் பயன்படுத்திய அளவுகோல் 1971ஆம் வருஷத்து வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. பள்ளி மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் ஜெபம் செய்த ஃபுட்பால் பயிற்சியாளர் வழக்கில், 2022இல், அந்த அளவுகோலைக் கைவிட்டுவிட்டு வரலாற்றையும் மரபையும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். கதவு திறந்தது என்று நினைத்துத்தான் 2024 ஜூனில் லூசியானா முதலில் நுழைந்தது, அடுத்த வருஷம் ஆர்கன்சாவும் டெக்சாஸும் வந்தன. லூசியானா சட்டத்தைக் கீழ்க்கோர்ட் 2024 நவம்பரில் தடுத்தது. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளும் 2025 ஜூனில் அந்தத் தடை சரி என்றார்கள். அக்டோபரில் அதே கோர்ட்டின் முழு அமர்வு மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டதால் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. கடைசியில் உச்ச நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும் என்று அப்போது இரண்டு தரப்பும் எதிர்பார்த்தன.

கேள்வி: நம் ஊர் அரசுப் பள்ளியில் சரஸ்வதி படம் மாட்டுகிறோமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதே பதில்தான் அம்மா, ஆளுக்கொரு நியாயம் என்னால் சொல்ல முடியாது. டெக்சாஸில் நம் பிள்ளை எப்படிச் சுவரைப் பார்க்கிறாளோ, அப்படித்தான் இங்கே ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை பார்க்கும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவும் சொல்கிறது. ஒரு படம் மாட்டுவது போதனையா என்று சட்டம் தெரிந்தவர்கள் வாதாடலாம், நான் பிள்ளையின் கண்ணிலிருந்துதான் பார்க்கிறேன்.

1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள், யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. அவர்கள் மதம் அனுமதிக்கவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றிவிட்டது. அடுத்த வருஷம் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்த யெகோவா சாட்சிப் பிள்ளைகளுக்காக 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எடுத்துக் காட்டியது, அந்த மூன்று பேரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி பள்ளிக்கு உத்தரவிட்டது.