டகோனிக் விபத்து

கேள்வி: 2009-இல் நியூயார்க்கின் டகோனிக் சாலையில் வேன் எதிர்த்திசையில் ஓடி 8 பேர் இறந்தார்களே, ஓட்டிய தாய்க்குப் பல்வலி, பக்கவாதம் என்கிறார்களே?

பதில்: பிரேதப் பரிசோதனையில் பக்கவாதமோ மாரடைப்போ தென்படவில்லை அம்மா. ரத்தத்தில் மது 0.19 சதவீதம்; அங்கே வரம்பு 0.08. கஞ்சாவும் இருந்தது. உடைந்த வோட்கா பாட்டிலும் கிடைத்தது. மனைவி குடிகாரர் அல்ல என்றே கணவர் சொல்லிவந்தார். பாவம், அவர் தவிப்பு புரிகிறது. ஏன் குடித்தார் என்பது அந்தப் பெண்ணோடு போய்விட்டது. என் நெஞ்சை அறுப்பது வேறு: அத்தைக்கு ஏதோ சரியில்லை என்று வேனில் இருந்த அண்ணன் மகள் தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ஓடினார். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது. வேனில் பிழைத்தது 5 வயது மகன் மட்டும். இப்போது வளர்ந்துவிட்ட அவன் கண்ணில் படும்படியா இந்தக் கதைகளை எழுதுவார்கள்?