30,000 ரூபாய்க்குள் இருட்டில் நன்றாகப் படமெடுக்கும் கேமரா எது?

நீங்கள் கேமராவைக் கேட்டிருக்கிறீர்கள், நான் லென்ஸைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். கேள்வியில் திருவிழா, இரவுக் கச்சேரி எடுக்கவேண்டும் என்றும் எழுதியிருப்பதால், இப்போது ஃபோனில் எடுக்கிறீர்கள், ஆள் அசைந்தால் கலங்கிப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஃபோனின் நைட் மோட் பல படங்களை அடுக்கித்தான் ஒரு படமாக்குகிறது. கோபுரம் அதுவரை நிற்கும். ஆடுகிறவர் நிற்பாரா?

நான் எடுப்பது தெருக்கூத்து. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ராத்திரி தொடங்கினால் விடிய விடிய நடக்கும். வெளிச்சம் என்று பார்த்தால் கம்பத்தில் கட்டிய டியூப்லைட், கொஞ்சம் வசதியான ஊர் என்றால் எல்இடி ஃபோகஸ் லைட். என்னிடம் இருப்பது கைமாறி வந்த நிக்கான் டி5300, அதாவது 2013இல் வந்த மாடல். அதில் 35 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் கூடும்). அவ்வளவுதான்.

ஒருமுறை துரியோதனன் வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தம்பி, கையில் புத்தம்புது ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் (படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் கேமரா), அதோடு கூடவே வந்த ஜூம் லென்ஸ். என் கேமராவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுலயா ராத்திரில எடுக்கறீங்க?" என்றார். திரை விலகியது. துரியோதனன் சுழன்று சுழன்று ஆடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தம்பியின் கேமராத் திரையை எட்டிப் பார்த்தேன். நடுவில் கிரீடம் தெரிந்தது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. உள்ளே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று குழம்பினார். அது நம் கைநடுக்கத்தை அடக்கும், துரியோதனனை அடக்காது.

கணக்கு எளிதானது. அந்த ஜூமை இழுத்தால் எஃப் 5.6க்குப் போய்விடும். 1.8 இதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அவர் 1/25 நொடியில் எடுப்பதை, அதே ஐஎஸ்ஓவில், அதாவது ஒளி உணர்திறனைக் கூட்டாமல், நான் 1/250இல் எடுக்கலாம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு என்னுடையதைப் போல இரண்டேகால் மடங்கு, அந்த லாபத்தைக் கழித்தாலும் கணக்கு என் பக்கம்தான். உடனே கமெண்டில் வரிசைகட்டி வராதீர்கள். ஃபுல் ஃப்ரேம் மோசம் என்று நான் சொல்லவில்லை, நல்ல லென்ஸும் சேர்த்து வாங்க வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கேட்டவரின் பட்ஜெட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

லென்ஸ் இருந்தால் மட்டும் போதாது, சில பழக்கங்களும் வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 1/250 வைத்தால் சில படங்களில் பட்டை விழும், சிலது மங்கலாக வரும். அப்படி வந்தால் நான் 1/100க்கு இறங்கிவிடுவேன். ஆனால் அந்த வேகத்தில் சுழற்சி உறையாது. அதனால் காதை மத்தளத்தில் வைத்திருக்க வேண்டும். தீர்மானம், அதாவது தாளத்தை முடித்துவைக்கும் அடி, விழும்போது ஆடுகிறவர் ஒரு கணம் நிற்பார், அந்த இடத்தில் அழுத்துங்கள். ஃபோகஸ் தடுமாறினால் கேமராவின் நடு ஃபோகஸ் புள்ளியைக் கிரீடமும் நெற்றியும் சேரும் விளிம்பில் வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், கிரீடத்துக் கண்ணாடிச் சில்லெல்லாம் திருப்பி அடிக்கும், ஆடுகிறவர் கண்ணும் கூசும். முன்னால் எரியும் ஃபோகஸ் உதவி விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் எடுத்த ஒரு அர்ச்சுனன் தபசு படத்தை ஒரு விழாக் குழு ஃப்ளெக்ஸில் போட்டது. ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டார்கள், அது போகட்டும். அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் பெயராவது இருக்க வேண்டாமா? நன்கொடை கொடுத்தவர் வீட்டுக் கைக்குழந்தை வரைக்கும் பெயரோடும் படத்தோடும் இருந்தது. கேட்டதற்கு, "விளம்பரம்தானே சார் உங்களுக்கு" என்றார்கள். பெயரே இல்லாமல் யாருக்கு விளம்பரம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பழைய நிக்கான் டி3400, டி5300 மாதிரி ஒன்று, அதோடு 35 எம்எம் 1.8. கேனான்தான் பிடிக்கும் என்றால் பழைய 200டி, கூடவே 50 எம்எம் 1.8 எஸ்டிஎம். 50 கொஞ்சம் நெருக்கமாகக் காட்டும், முன்வரிசையில் உட்கார்ந்தால் முழு ஆள் அடங்காது. நிக்கானில் 'ஏஎஃப்-எஸ்' என்று போட்ட லென்ஸையே கேளுங்கள், அதில் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். பழைய 50 எம்எம் 1.8டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த லென்ஸிலும் இந்த நிக்கான் கேமராக்களிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கைமாறிய லென்ஸ் என்றால் ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.