அரூர் குவார்ட்ஸ்ல மாலிப்டினைட்: போர்ஃபிரின்னு எழுதலாமா?

சேலத்துல எம்.எஸ்சி ஜியாலஜி படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு, அரூர் பக்கம் குவார்ட்ஸ் நரம்புல (பாறை விரிசல்ல படிஞ்ச குவார்ட்ஸ் பட்டை) சாம்பல் நிற செதில் கிடைச்சிருக்கு, மாலிப்டினம் உலோகத்தோட தாதுவான மாலிப்டினைட்டுன்னு நினைக்கறாரு, ப்ராஜெக்ட்ல போர்ஃபிரி மாலிப்டினம்னு எழுதலாமா, அதோட வயசும் திரவம் வந்த வழியும் எப்படி கண்டுபிடிக்கறதுன்னு.

முதல்ல அது கிராஃபைட் இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க தம்பி. மாலிப்டினைட் கனம், அடர்த்தி 4.7 கிட்ட, கிராஃபைட் 2.2தான், பளபளப்பான பீங்கான்ல தேய்ச்சா மாலிப்டினைட் கோடு லேசா பச்சையடிக்கும்.

போர்ஃபிரின்னு மட்டும் எழுதிடாதீங்க. மாக்மா மேல வந்து சில கிலோமீட்டர் ஆழத்துல நின்னு, அதுல இருந்து பிரிஞ்ச சுடுதண்ணி பாறையை வலை வலையா விரிசல் விட வெச்சு உருவாகறது அது, அமெரிக்காவுல கொலராடோவோட கிளைமாக்ஸ், ஹெண்டர்சன் சுரங்கமெல்லாம் அப்படித்தான், வயசு சுமார் 3 கோடி வருஷம். அவ்ளோ மேலாப்புல இருக்கறது சீக்கிரம் அரிச்சு போயிடும், பழைய போர்ஃபிரி அபூர்வமா கிடைக்கறது அதனாலதான். நம்ம சேர்வராயன் மலையோட சார்னோகைட்ங்கற பாறையோ சுமார் 250 கோடி வருஷத்துக்கு முந்தி பூமிக்கடியில ரொம்ப ஆழத்துல வெந்தது, மேல இருந்ததெல்லாம் எப்பவோ போயாச்சு. அரூர்ல இருக்கறது ஷியர் ஸோன்ல (பாறைகள் ஒண்ணையொண்ணு உரசி நகர்ந்த பட்டை) ஓடற குவார்ட்ஸ் நரம்பு, அப்படியே எழுதுங்க, அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.

வயசுக்கு ரீனியம்-ஆஸ்மியம் முறைதான். மாலிப்டினைட் உருவாகும்போது ரீனியத்தை இழுத்துக்கும், ஆஸ்மியத்தை கிட்டத்தட்ட சேர்க்காது, அதனால உள்ள இருக்கற ஆஸ்மியம்-187 ரீனியம்-187 சிதைஞ்சு வந்ததுன்னு எடுத்துக்கலாம், அரை ஆயுள் சுமார் 4,160 கோடி வருஷம். பக்கத்து பாறையில இருக்கற ஜிர்கான்ங்கற கனிமத்தோட வயசை தாதுவோட வயசுன்னு போட்டுடாதீங்க, நரம்பு பின்னாடி எப்ப வேணா வெட்டிட்டு வந்திருக்கலாம். இன்னொண்ணு, பழைய பெரிய செதிலுக்குள்ள ஆஸ்மியம் இடம் மாறியிருக்கும், ஓரத்துல ஒரு துணுக்கு கிள்ளி அனுப்பினா வயசு தப்பிடும், முழு செதிலா பிரிச்சு, நிறைய எடுத்து, பொடிச்சு கலந்து அனுப்புங்க.

திரவத்துக்கு செதிலை ஒட்டின குவார்ட்ஸை ரெண்டு பக்கமும் பாலிஷ் பண்ணி இன்க்ளூஷன் (குவார்ட்ஸுக்குள்ள சிக்கின சின்னச் சின்ன திரவத் துளி) பாருங்க. பிற்பாடு மூடிக்கிட்ட விரிசல் வழியா வரிசையா கிடக்கறது பிற்பாடு வந்தது, அதை தனியா வைங்க. முதல்ல உறைய வைங்க, அப்புறம் சூடு பண்ணுங்க, மாத்தி பண்ணினா இன்க்ளூஷன் வெடிச்சிடும். உறைஞ்சது மைனஸ் 56.6 டிகிரியில உருகினா சுத்தமான கார்பன் டை ஆக்சைடு, ஆனா நம்ம சார்னோகைட்லயே அது நிறைய இருக்கறதால அதை வெச்சு மாக்மா திரவம்னு முடிவு கட்ட முடியாது. குவார்ட்ஸோட ஆக்சிஜன் ஐசோடோப் எண்ணும் (கனமான, லேசான ஆக்சிஜன் அணுக்களோட விகிதம்) நேரா தண்ணியோட எண் கிடையாது, வெப்பநிலையை வெச்சு கணக்கு போடணும், இன்க்ளூஷன்ல வர்ற வெப்பநிலையும் குறைந்தபட்சம்தான், அழுத்தத்துக்கு திருத்தம் பண்ணணும், அதனால இந்த வேலை முடியறதுக்கு முன்னாடி ஐசோடோப்புக்கு காசு கட்டாதீங்க.