மே மாதமும் கிளை நூலகமும்: வாசகர் கேள்வி–பதில்

கோடை விடுமுறையில் பொது நூலகங்கள் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் நடத்தும் வாசிப்பு நிகழ்ச்சிகளைப் பற்றி இம்மாதம் கடிதங்கள் நிறைய வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மே மாதம் முழுவதும் குழந்தைகளுக்குக் கோடை வாசிப்பு நிகழ்ச்சி நடக்கிறது. வாரம் ஒருநாள் பெற்றோரும் உடன் வரவேண்டும் என்கிறார்கள். எட்டு வயது மகளை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். பெரியவர்கள் எதற்கு?
— ஒரு தாய், விழுப்புரம்

பதில்: உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனால் கிளை நூலகங்களில் பெரும்பாலும் ஒரே நூலகர்தான் இருக்கிறார். அவரே புத்தகம் வழங்கி, திரும்பப் பெற்று, பதிவேடு எழுதி, நாளிதழ் தேடி வருபவருக்கும் விடை சொல்லி, இடையில் குழந்தைகளுக்குக் கதையும் சொல்ல வேண்டியிருக்கும்போது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவர்மீது ஏற்றுவது முறையாகாது.

பெற்றோரை அழைப்பதற்கு இதைவிட வலுவான காரணமும் உண்டு. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிம், தாமஸ் ஒயிட் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குக் கோடையில் புத்தகங்களை மட்டும் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்குப் புத்தகங்களோடு, படித்ததைப் புரிந்துகொள்ளும் முறைகளை விடுமுறைக்கு முன்பே ஆசிரியர்கள் கற்பித்தார்கள். வீட்டில் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டவும் ஏற்பாடு இருந்தது. புத்தகம் மட்டும் பெற்ற குழந்தைகள், எதுவும் பெறாத குழந்தைகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறிவிடவில்லை. துணையோடு படித்தவர்களே முன்னேறினார்கள். நூலகம் புத்தகத்தைத் தரலாம், கதையும் சொல்லலாம். நாள்தோறும் அருகில் அமர்ந்து கேட்பதற்கு வீட்டில்தான் ஆள் வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைக்கவே வாரம் ஒருநாள் உங்களை அழைக்கிறார்கள்.

நீங்கள்தான் வரவேண்டும் என்பதில்லை. பாட்டியோ சித்தப்பாவோ வரலாம். வருபவருக்கு எழுத்து தெரியாவிட்டாலும் குறைவில்லை, குழந்தை படிப்பதைக் கேட்டு, “அப்புறம் அந்த நரி என்ன செய்தது?” என்று கேட்கத் தெரிந்தால் போதும். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஆகவே, குடும்ப நாளை ஞாயிறன்று வைத்துக்கொள்ளும்படி நூலகரிடம் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இதில் சேர உறுப்பினராக வேண்டுமா? குழந்தை புத்தகத்தைக் கிழித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.
— வாசகர், தேனி

பதில்: நூலகத்தில் அமர்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்குத்தான் சிறிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும். சொல்லப்போனால், 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த நூலக வரியைச் சொத்து வரியோடு, ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம், நாம் ஏற்கெனவே செலுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். உரிமையோடு உள்ளே போகலாம்.

கிழிந்தால் நூலகரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே செலோடேப் ஒட்டிக் கொடுக்க வேண்டாம். அது நாளடைவில் பழுப்பேறிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். கிழித்துவிடுவான் என்று அஞ்சிப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அந்தப் புத்தகம் நூலகத்திலேயே இருந்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் பகுதி வாசகர் வட்டம், கோடையில் அதிகப் புத்தகங்களைப் படிக்கும் குழந்தைக்கு மிதிவண்டி பரிசு என்று அறிவித்துள்ளது. பத்து வயது மகன் ஒரே நாளில் மூன்று மெல்லிய புத்தகங்களை முடித்துவிடுகிறான். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் தெரியவில்லை. பரிசு நல்லதா, கெட்டதா?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: மிதிவண்டி நல்லது, அதற்கு வைத்த நிபந்தனைதான் கெட்டது. எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் குழந்தை எண்ணிக்கையைத்தான் கூட்டும், மெல்லிய புத்தகமாகத் தேடி எடுக்கும். உங்கள் மகன் விதியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறான்.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் நினைவுகூரத் தக்கது. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை அவர்கள் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் பிரிவினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் தரவில்லை. சில நாள் கழித்து வகுப்பறையில் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. தானாகப் பிடித்துச் செய்ததைக் கூலிக்குச் செய்யும் வேலையாக மாற்றிவிட்டால், கூலி நின்றதும் வேலையும் நின்றுவிடுகிறது.

பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. விழாவும் கைதட்டலும் குழந்தைகளுக்கு வேண்டும். ஒரு மிதிவண்டியின் விலையில் பல குழந்தைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் வாங்கிவிடலாம். கலந்துகொண்ட எல்லோரும் கடைசி நாளில் தமக்குப் பிடித்ததைத் தாமே எடுத்துக்கொள்ளட்டும், முதல் நாளே அதைப் பறைசாற்ற வேண்டாம். மிதிவண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால், எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். மெதுவாகப் படிக்கும் குழந்தையும் அப்போது தலைநிமிர்ந்து உட்காரும்.

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. நூலகத்துக்குப் போனால் படக்கதைகளை மட்டுமே எடுக்கிறாள். ஏற்கெனவே படித்ததையே மறுபடியும் எடுக்கிறாள். நல்ல நூல்களை நானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: எடுத்து அருகில் வைக்கலாம், அவள் கையில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் அடங்கும். படக்கதைக்கு அதில் விலக்கு இல்லை. பிரிட்டனின் பொது நூலகங்களில் 1999 முதல் 4 வயதிலிருந்து 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக நடக்கும் கோடை வாசிப்புச் சவாலிலும் படக்கதை, நகைச்சுவைத் துணுக்கு, ஒலிநூல் எல்லாமே கணக்கில் சேரும், தேர்வு குழந்தையுடையது.

நம் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. ‘பற’ படியில் இருக்க வேண்டிய பிள்ளை விடுமுறையில் ‘நட’ படியிலிருந்து ஒன்றை எடுத்து மகிழ்ச்சியாகப் படித்தால், அதைப் பின்னடைவாகக் கொள்ளாதீர்கள். நாமும் பழைய நாவலைத் திரும்பப் படிப்பதில்லையா?

கேள்வி: இரண்டு மாத விடுமுறையில் குழந்தைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பது உண்மையா?
— ஓர் ஆசிரியர், அறந்தாங்கி

பதில்: எழுபதுகளிலிருந்தே அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எழுதி வருகிறார்கள். ஆனால் அந்த இழப்பின் அளவு மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்றும், பழைய தேர்வு முறைகளின் கோளாறும் அதில் கலந்திருக்கிறது என்றும் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் 2019-இல் வாதிட்டார். எனவே பெற்றோரை அச்சுறுத்த இந்தக் கருத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

அச்சுறுத்தாமலே சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் தம் குழுவினரோடு புளோரிடாவில் ஏழ்மை மிகுந்த 17 பள்ளிகளின் குழந்தைகளுக்கு, கண்காட்சி வைத்து அவர்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களை ஒவ்வொரு கோடையிலும் வழங்கினார்கள். மூன்று கோடைகளுக்குப் பின் அக்குழந்தைகளின் வாசிப்புத் திறன், புத்தகம் பெறாதவர்களைவிட மேம்பட்டிருந்தது. மிக வறிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் பயன் கூடுதலாகத் தெரிந்தது. முதல் பதிலில் சொன்ன ஆய்வோடு இது முரண்படுவதுபோல் தோன்றலாம். அது ஒரே கோடையின் ஆய்வு. இது மூன்று கோடைகள், அதிலும் குழந்தைகளே தேர்ந்த நூல்கள். தனிவகுப்புக்குப் பணம் கட்ட முடியாத குடும்பங்களின் பெயரைத் தேர்வு முடிந்த கையோடு நூலகருக்குக் கொடுத்தால், உங்களால் பெரிய உதவி செய்ய முடியும்.

கேள்வி: எங்களுடையது ஊர்ப்புற நூலகம். ஓர் அறை, ஒரு மின்விசிறி, பாதி அலமாரி போட்டித் தேர்வு நூல்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே மரமெல்லாம் அமைத்துப் பெரிய பகுதி இருக்கிறதாம். நாங்கள் என்ன செய்ய முடியும்?
— வாசகர் வட்ட உறுப்பினர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை 1931-இல் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வாசகர் வர முடியாத இடத்தில் நூலகம் போனது. மே மாத வெயிலில் ஓர் அறைக்குள் முப்பது குழந்தைகளை அடைப்பதைவிட, மாலை ஐந்து மணிக்கு மேல் பள்ளித் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பாய் விரிப்பது மேல். கோணிப்பையில் நாற்பது ஐம்பது சிறுவர் நூல்கள் போதும்; அடுக்கி வைக்காமல் அட்டை தெரியும்படி பரப்பி வையுங்கள். முதுகுப் பக்கத்தைப் பார்த்து நூல் தேடும் பொறுமை சிறுவர்களுக்கு இருப்பதில்லை.

நூல்களை வெளியே கொண்டுபோக, நூலகர் மூலம் மாவட்ட நூலக அலுவலருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள்; அதே கடிதத்தில் மாவட்ட மைய நூலகத்திலிருந்து சிறுவர் நூல்களைத் தற்காலிகமாகக் கேட்டுப் பாருங்கள். போதாமல் போனால் சிறுவர் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டும் கொடுக்கலாம்.

கதை சொல்ல வெளியூரிலிருந்து ஆள் அழைக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பாட்டிமார் இருக்கிறார்கள்; அவர்கள் சொல்வதைப் பெரிய பிள்ளைகள் எழுதி, சிறியவர்கள் படம் வரைந்தால், தைத்து நூலகத்திலேயே வைக்கத்தக்க ஒரு கைப்பிரதி கிடைக்கும். பத்தாம் வகுப்பு முடித்த மாணவ மாணவியர் நாலைந்து பேரைச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் ஐந்தாறு சிறுவர்களை ஒப்படையுங்கள். குறிப்பேட்டில் குழந்தையின் பெயர், எடுத்த நூல், திருப்பித் தந்த நாள், நூலைப் பற்றிக் குழந்தை சொன்ன ஒரு வரி ஆகியவை இருந்தால் போதும்; மதிப்பெண் வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்த பிறகும் வாரத்தில் ஒரு மாலையைத் தொடர முடியுமா என்பதை இப்போதே, முதல் கூட்டத்திலேயே நூலகரிடம் பேசி வையுங்கள். மே இறுதியில் கேட்டால் எல்லோரும் விழா ஏற்பாட்டில் மூழ்கியிருப்பார்கள்.