மழைக்குத் தானே முளைக்கும் காட்டுக் குளோவர் ஆட்டுக்கு ஆகுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் ஆடு வளர்க்கிறோம். முதல் மழைக்குப் பிறகு மூவிலைச் செடி ஒன்று தானே முளைத்து, ஏப்ரலில் ஊதாப் பூ விடுகிறது. என்ன செடி? ஆடு மேயலாமா? யூரியா தூவினால் பெருகுமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது டிரைபோலியம் வில்டெனோவியை ஆக இருக்கலாம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஒருபருவக் காட்டுக் குளோவர் (மூவிலைத் தீவனச் செடி). பூங்கொத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பூவடிச் செதில்கள் ஒன்றாக ஒட்டி, தட்டுப்போல் விரிந்திருக்கும். அதன் ஓரம் கூர்கூராகக் கிழிந்திருக்கும். பூ ஊதா, நுனி பெரும்பாலும் வெள்ளை. சிற்றிலைகள் ஒடுங்கி நீண்டு, ஓரத்தில் நுண்பற்களோடு இருக்கும். செடியில் ரோமம் இருக்காது. உடலெங்கும் மென்ரோமமும் இளஞ்சிவப்புப் பூவும் இருந்தால், அது மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்த ரோஸ் குளோவர். மஞ்சள் பூவும் முள் சுருள்காயும் இருந்தால் பர் மெடிக் என்ற வேறு செடி. காய் ஆட்டு ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும்.

யூரியா வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) காட்டு ஓட்ஸும் புற்களும்தான் முந்திக்கொண்டு எடுத்து உயரும். நிழலில் குளோவர் நலிந்துவிடும். இதற்கு வேண்டிய தழைச்சத்தை வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிரே தருகிறது. ஒரு செடியை மண்ணோடு தோண்டி முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது, பச்சை அல்லது சாம்பல் நிறமானால் இல்லை. மண் பரிசோதனையில் மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) கந்தகமோ குறைந்திருந்தால் அதை மட்டும் போடுங்கள்.

குளிர்காலத்தில் மிதமாக மேய்த்துப் புல்லைக் குட்டையாக வையுங்கள். பூ எடுத்ததும் ஆட்டை வெளியே கட்டி, விதை முற்றும்வரை விட்டுவிடுங்கள். கோடையில் செடி செத்துவிடும். அடுத்த ஆண்டுப் பயிர் மண்ணில் விழும் விதையில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் பூ மேயப்பட்டால் செடி அருகிவிடும். வேறு இடத்திலும் வளர்க்க விரும்பினால், பழுத்த பூந்தலையைக் கசக்கி விதை எடுத்து, உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். விதைத்தோல் கெட்டியானது, தேய்க்காவிட்டால் பல விதைகள் முளைக்காது. அக்டோபர் மழைக்கு முன், பழைய இடத்து மண்ணைக் கொஞ்சம் கலந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைக்காமல் தூவுங்கள்.

ஆடு தாராளமாகத் தின்னலாம். பசியோடு மட்டும் விடாதீர்கள், வயிறு உப்பிவிடலாம்; முதலில் காய்ந்த புல் போடுங்கள். பனி ஈரம் உலர்ந்த பிறகு விட்டு, முதல் நாள் அரைமணி, பிறகு மெல்லக் கூட்டுங்கள். இடப்பக்க விலா உப்பி, ஆடு காலை உதைத்துத் தவித்தால், 100 மி.லி. தாவர எண்ணெயைத் தலையை அதிகம் தூக்காமல் மெதுவாகப் புகட்டி, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.