குடியை விட்டு 40 நாள். ராத்திரி ஏழானா மிக்சர், ஜிலேபி கேக்குதா?

இனிப்பை இப்பவே நிறுத்தாதீங்க; சாப்பிடும் நேரத்தை மாத்துங்க. ஆறரைக்கே ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், மோர்.

குவாட்டர் பிராந்தியில சுமார் 400 கலோரி. அது நின்னதும் உடம்பு ஈடு கேக்குது. ஏழு மணி, முன்ன குடிக்க உக்காந்த நேரமும்கூட. கை சும்மா இருக்காது.

கை பொட்டலத்துக்குப் போகும்போது கேளுங்க: "இப்ப ரெண்டு இட்லி தந்தா சாப்பிடுவேனா?" ஆமான்னா நிஜப் பசி, சாப்பிட்டுருங்க. மிக்சர்தான் வேணும்னா கோபமோ தனிமையோ அலுப்போ. 20 நிமிஷம் வெளிய நடங்க, யாருக்காவது போன் போடுங்க. பழைய கடைத் தெரு மட்டும் வேண்டாம். மிக்சரைத் தட்டுல கொட்டிச் சாப்பிடுங்க. பொட்டலத்தோட உக்காந்தா அளவே தெரியாது.

சர்க்கரை மாத்திரை போடுறவரா? டாக்டரைக் கேட்டு சாப்பிடும் நேரத்தை மாத்துங்க. டைசல்பிராம் (குடியை நிறுத்தத் தர்ற மாத்திரை; மேல குடிச்சா உடம்பைப் படுத்தும்) எடுத்தா, செரிமானத்துக்குன்னு அரிஷ்டம் குடிச்சிடாதீங்க, அதுலயும் ஆல்கஹால் இருக்கு.